குட்டைக்கு விழுந்த ஓட்டு

நூர் பாஷா சைக்கிள் கடைக்காரர். அறுபத்தைந்தாம் வருஷம் டவுன் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றபோது தெருவுக்கு அவர் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான். குட்டையைத் தூர் வாரித் தருகிறேன் என்றார். ரைஸ் மில்லின் நெல் ஊறிய தண்ணீர் அதில்தான் விழுந்தது. சேறு மண்டி, பக்கத்திலிருந்த தெருக்கிணறும் நாறத் தொடங்கியிருந்தது.

ஜெயித்தார். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்டார். நிதி இல்லை என்றார்கள். அவர் தொண்டையைச் செருமினாலே மற்ற மெம்பர்கள், "தூர் பாஷா எந்திரிச்சிட்டாருங்க" என்று சிரித்தார்கள்.

ஒரு கூட்டத்தில் கிளார்க் இன்னாசி தீர்மானங்களை மளமளவென்று படித்துக்கொண்டே போனார். குட்டையைத் தூர்க்கும் வேலைக்குக் காண்டிராக்டர் குப்புராஜின் டெண்டரை அங்கீகரிப்பது என்றொரு தீர்மானம் வந்தது. 'தூர்' என்றது காதில் விழுந்ததுமே பாஷாவுக்கு மற்றதெல்லாம் மங்கிவிட்டது. முதலில் உயர்ந்த கை அவருடையது. மற்றவர்களும் தூக்கினார்கள். அன்று ஒருவரும் கிண்டல் செய்யவில்லை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் அவர் மனைவி ரஹமத் பீவி வூடு வூடாகப் போய்ச் சர்க்கரை கொடுத்தாள்.

லாரிகள் வந்தன. காலியாக அல்ல, செம்மண் ஏற்றிக்கொண்டு.

"சேறு அள்ள வர்ற லாரி எதுக்குப்பா லோடோட வருது?"

"அள்றதா? மூடறதுக்குங்க பாய். இங்க பஸ் ஸ்டாண்டு வருதில்ல" என்றான் டிரைவர்.

பாஷா ஆபீசுக்கு ஓடினார். சேர்மன் உட்காரவைத்து டீ வரவழைத்தார். "தூர் வாரறது வேற, தூர்க்கறது வேறங்க பாய். தூர்க்கறதுன்னா மூடறது. மொதக் கையே உங்களுதுதானுங்களே?"

அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பாஷா கேட்டார். அதற்கு ஆதரவாக எழுந்தது அவர் கை மட்டும்தான். அதற்குள் பாதிக் குட்டை மேடாகியிருந்தது. போக்கிடமில்லாத மில் தண்ணீர் தெருவுக்குள் திரும்பி, கிணற்றடியில் தேங்கியது.

கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பிய குள்ளம்மாள் கடை முன்னால் நின்றாள். வையத்தான் வந்திருக்கிறாள் என்று பாஷா தலையைக் குனிந்துகொண்டார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏங்க பாய், நீங்க கை தூக்காம இருந்திருந்தா இது நின்னிருக்குங்களா?"

நின்றிருக்காது. மற்ற கைகளே போதும். எத்தனையோ ராத்திரி அவர் புரண்டு புரண்டு யோசித்ததுதான். ஆனால் அதைச் சொன்னால், தெரு அனுப்பிவைத்த ஆளால் ஒன்றுமே ஆகாது என்றல்லவா ஆகும்?

"நின்னிருக்கும்மா" என்றார்.

அப்புறம்தான் அவள் வைய ஆரம்பித்தாள். வேண்டிய மட்டும் வையட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.