கோழிக்கொட்டகையில் ஒரு விமானம்

என் அண்ணன் எங்கள் தோட்டத்துக் கோழிக்கொட்டகைக்குள் ஒரு விமானம் கட்டினார். முழு விமானம் இல்லை, விமானி உட்காரும் முன்பகுதி மட்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சேலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, மாப்பிள்ளை அமையும்வரை வீட்டில் இருந்தேன். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் தோட்டம்.

அண்ணன் மெட்ராசில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர். கொஞ்ச காலம் நிஜமாகவே பறந்தார். பிறகு அவருடைய வலது காதுச் சவ்வில் ஓட்டை இருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார். உயரத்தில் காது தாங்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்பா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பைலட்டு, அந்த எருமையப் புடிச்சுக் கட்டு", "பைலட்டு, மோட்டாரப் போட்டு உடு" என்பார். வெளியாட்கள் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார். தோட்டத்து ஆட்கள் முதலில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். போகப்போக நிமிர்ந்தே சிரித்தார்கள்.

முந்தின வருடம் வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் செத்துப்போனதில் கொட்டகை காலியாகக் கிடந்தது. அதைச் சுண்ணாம்படித்துக் கழுவி எடுத்துக்கொண்டார். கவிழ்ந்துபோன ஒரு லாரியின் டிரைவர் சீட்டை பாடி கட்டும் பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். பழைய கார் ஸ்டீயரிங்கின் மேல்பாதியை அறுத்துவிட்டு, அதைக் கைப்பிடியாக்கினார். காலுக்குத் தையல் மிஷினின் மிதிகட்டையை இரண்டாக வெட்டிப் பொருத்தினார். எதிரே ஒரு பலகை, அதில் லாரி மீட்டர்கள். மீட்டரின் முகத்தில் தாள் ஒட்டி, உயரம், வேகம், திசை என்று மெல்லிய தூரிகையால் எண்களை எழுதினார். நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு. மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி செம்மண் நிறம். விமானம் சாய்ந்தால் தட்டும் சாய வேண்டும்.

சாய்க்க வேண்டியது நான். ஒவ்வொரு முள்ளிலிருந்தும் ஒரு சைக்கிள் பிரேக் வயர் பலகைக்குப் பின்னால் வந்தது. அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அவர் கைப்பிடியை எப்படித் திருப்புகிறார் என்று ஓட்டை வழியாகப் பார்த்து, அதற்கேற்ற வயரை இழுப்பேன். இடது கையில் இன்னொரு வேலை. அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரரிடமிருந்து, நெய்த துணியைச் சுற்றும் மர உருளைகள் இரண்டை அண்ணன் வாங்கி வந்திருந்தார். அவற்றில் நீளமான காடாத் துணியைச் சுற்றி, மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நாமக்கல் மலை, காவிரி, தென்னந்தோப்புகள், கடைசியில் ஓடுபாதை என்று வரைந்திருந்தார். உருளையின் கைப்பிடியை நான் சுற்றினால் பூமி அவருக்கு அடியில் நகர்ந்து போகும்.

"இடது எஞ்சின நிறுத்து புள்ள" என்பார்.

"நிறுத்திட்டேனுங்கண்ணா."

"சொல்லாம நிறுத்தோணும். சொல்லிட்டு நிக்குமா எஞ்சினு?"

அதன்பிறகு சொல்லாமல் நிறுத்தினேன். அவர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

என் சித்தப்பா சூரமங்கலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய காரில் ஒருவரை அழைத்து வந்தார். வெள்ளை உடுப்பு, தோளில் தங்கப்பட்டை, கையில் தொப்பி. விமானக் கம்பெனியில் ஆளெடுக்கும் அதிகாரி, சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், விஷயம் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருக்கிறார் என்றார்கள். இங்கிலீஷ் தண்ணீராகப் பேசினார். அம்மா அவசரமாகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அப்பா அன்று மட்டும் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். விமானம் கிளம்பி, மலையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டியது. அதிகாரி பலகையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து இழுத்தார். முட்கள் கன்னாபின்னாவென்று ஆடின. தட்டு தலைகீழாகத் திரும்பியது. நான் துணியைச் சுற்றுவதை விடவில்லை.

அண்ணன் நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த முள் பொய், இதை நம்பக்கூடாது, மூக்கை இறக்குகிறேன், வேகம் வரட்டும், அதோ ஒரு வெட்டவெளி, அங்கே இறக்குகிறேன் என்றார். இறக்கியும்விட்டார். அவர் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அதிகாரி கைதட்டினார். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன்.

"மெட்ராசுக்கு வந்துடுங்க. வெள்ளிக்கெழம காலைல மீனம்பாக்கம் வாசல்ல என் பேரச் சொல்லுங்க, உள்ள கூட்டிட்டு வருவாங்க" என்றார் அதிகாரி.

அண்ணன் எழுந்து நின்றார். "ஒன்னு மறைக்கக்கூடாதுங்க. எனக்கு வலது காதுல கோளாறு இருக்குதுங்க. அதனாலதான் போனவாட்டி அனுப்பிட்டாங்க."

"பெரிய விமானத்துல காத்து அழுத்தமெல்லாம் உள்ளேயே சரிபண்ணி வெச்சிருப்பாங்க. உங்க காதுக்கு ஒன்னும் ஆகாது. எத்தன நாளா இதப் போயி நெனச்சுட்டு இருந்தீங்க?" என்று அவர் அண்ணனின் தோளைத் தட்டினார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

வியாழக்கிழமை அம்மா திருநீறு பூசி அனுப்பினாள். அவர் பஸ் ஏறிப் போனதும் அப்பா ஆட்களைக் கூப்பிட்டுக் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். சீட்டைத் தூக்கி மழையில் போட்டார்கள். துணியை இரண்டாகக் கிழித்துத் தீவன மூட்டைகளுக்கு மேல் மூடினார்கள்.

"அண்ணன் வந்து கேப்பாருங்கப்பா" என்றேன்.

"வேலதான் கெடச்சுப்போச்சே, இனி எதுக்கு? நாளைக்குக் குஞ்சு எறக்கறாங்க" என்றார் அப்பா. கூட நின்றிருந்த சித்தப்பா சிரிப்புத் தாங்காமல் அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வந்தவர் எந்தக் கம்பெனிக்காரரும் இல்லை. தம்மம்பட்டிப் பக்கம், நானும் அண்ணனும் அதுவரை பார்த்திராத தூரத்துச் சொந்தம், சித்தப்பாவுடன் தொழிலில் கூட்டு. ஏற்காட்டு கான்வென்ட்டில் படித்ததால் இங்கிலீஷ் வந்தது. உடுப்பு நாடகக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்தது.

அம்மாவிடம் ஓடினேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆம்பளைங்க வெளையாடுனா நாம என்ன சாமி பண்றது? பித்தம் தெளியட்டும்னுதான் உங்கப்பா செஞ்சாரு" என்றாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார். நுழைவாசலில் இரண்டு நாள் நின்றிருக்கிறார். காவல்காரர்கள் விரட்டினார்களாம். பெயரைத் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று, அதுபோலிருக்கிற பெயர்களை எல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார். இதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். பெட்டியோடு அவர் வாசலுக்கு வந்தபோது பங்காளிகள் எல்லாம் கூடியிருந்தார்கள். சித்தப்பா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"கேப்டன் வந்துட்டாருங்க! ஏனுங்க கேப்டன், ஏரோப்ளேன எங்க நிறுத்திட்டு வாரீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா முகத்துக்கு வந்ததும் அவர் பார்வை நின்றது. அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணனும் சிரித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "குஞ்சு எப்ப வந்துச்சு? இந்தக் குளுருக்கு பல்பு பத்தாது" என்றார். அன்று சாயங்காலமே கூடுதலாக பல்புகளைக் கட்டினார். நான் பேசப் போனால் வேறு பக்கம் போய்விடுவார்.

சில மாதம் கழித்து எனக்கு மாப்பிள்ளை வந்தது. அதிகாரியாக வந்த அதே ஆள். பலகைக்குப் பின்னால் பார்த்தபோதே பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு மகிழ்ச்சி. "எதுக்கும் அவங்கண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும்" என்று ஊருக்காக ஒரு பேச்சும் சொன்னார்.

அண்ணன் தீவனம் கலந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, நீங்க வேண்டாம்னு சொன்னாப் போதுமுங்க. அப்பா உட்டுருவாரு."

"ஏன்? நல்ல வசதி. இங்கிலீஷ் பேசறாரு."

"அந்த ஆளு உங்கள என்ன பண்ணுனாருன்னு..."

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊர் திரும்பிய பிறகு முதல் தடவையாகப் பார்த்தார். "அன்னைக்கு அவருகூடப் பலகைக்குப் பொறத்தால இருந்தவ நீ. அவரு வயர இழுக்கறப்ப நீ பாட்டுக்குத் துணியச் சுத்திக்கிட்டு இருந்தே. உனக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

"சத்தியமாத் தெரியாதுங்கண்ணா."

"தெரியாட்டிப் போவுது. கட்டிக்கிட்டுப் போயித் தெரிஞ்சுக்கோ."

அன்று மத்தியானம் அப்பாவிடம் சம்மதம் சொன்னார். தை மாதம் கல்யாணம்.

என் கணவர் என்னை அடித்தவர் இல்லை. குடியும் இல்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். விருந்தாளி யார் வந்தாலும், இலை போட்டதும் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். நான் பரிமாறிக்கொண்டே கேட்பேன். ஒரு நாள் தனியாக இருக்கும்போது கேட்டேன். "காதப் பத்தி எங்கண்ணன் சொன்னப்ப உங்களுக்கு ஒன்னுமே தோணலீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "அந்த எடத்துலதான் சிரிப்ப அடக்கறது எனக்கு நெம்பச் செரமமாப் போச்சு" என்றார்.

அண்ணன் முன்னுக்கு வந்தார். ஒரு கொட்டகை பல கொட்டகையானது. எங்கள் மகளுக்கு மொட்டையடித்தபோது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்ள வந்தார். பந்தியில் என் கணவர், "மச்சான், அந்த மீனம்பாக்கம் கதைய உங்க வாயால கேக்கோணும்" என்றார். அண்ணன் சொன்னார். என் கணவரைவிட நன்றாகச் சொன்னார். காவல்காரன் மாதிரி கம்பை ஓங்கிக் காட்டினார். தப்புத் தப்பான பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தன் குரலிலேயே கெஞ்சிக் காட்டினார். "பொறத்தால என் தங்கச்சி பொம்மலாட்டம் ஆட்டிக்கிட்டு இருந்தா" என்று என் பக்கம் கையைக் காட்டியபோது பந்தியே என்னைப் பார்த்துச் சிரித்தது.

சொல்லி முடித்துவிட்டு, ரசம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் ஊற்றினேன். அதற்குப் பிறகு நான் பிறந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். ஏன் வரவில்லை என்று அங்கிருந்து யாரும் கேட்டு அனுப்பவில்லை.