ஏரிக்கரை, ஏழாவது நிறுத்தம்

பஞ்சாட்சரம் பத்தொன்பது வருஷம் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் பார்வை மங்கியதும் கம்பெனி அவரை டிரான்ஸ்போர்ட் செக்ஷனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தது. எந்த பஸ் எந்த ஊரில் முதலில் நிற்க வேண்டும் என்பதை அப்போது புதிதாக வந்த சாஃப்ட்வேர்தான் முடிவு செய்தது.

அது போட்டுத்தரும் வரிசையைக் கையால் மாற்றிப் பூட்டிவைக்கலாம் என்று மூன்றாம் மாதம் கண்டுபிடித்தார். முதலில் மாற்றியது மாதனூர் ரூட்டை. அதில் ஏரிக்கரை நிறுத்தத்தில் ஏறுகிறவள் மோகனா ஒருத்திதான். தையல் பிரிவில் வேலை. பக்கவாதத்தில் விழுந்த கணவனைத் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். வேகமாக ஊட்டினால் அவனுக்குப் புரையேறிவிடும். முதலாவதாக இருந்த ஏரிக்கரையை ஏழாவதாக, கடைசிக்கு இறக்கினார். ஆறு மணிக்கு வந்த பஸ் ஏழே காலுக்கு வந்தது.

ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. போன ஆடியில் மேனேஜர் இஷ்தியாக் அகமது கூப்பிட்டார்.

"இன்னா பஞ்சாட்சரம், ஒரு ஆளுக்காக பஸ்ஸு திரும்பி ஊருக்குள்ள போய்ட்டு வருது. தினம் ஆறு கிலோமீட்டர் ஜாஸ்தி. கையால போட்டதெல்லாம் எடுத்துடணும்னு ஹெட் ஆபீஸ்ல சொல்ட்டாங்க."

"அந்தப் பொண்ணு வீட்டுக்காரர் படுத்த படுக்கை சார்."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். எடுத்துடுங்க."

எடுத்தார். ஏரிக்கரை மறுபடி முதல் நிறுத்தமானது.

மோகனா இன்னும் முன்னாலேயே எழுந்து பார்த்தாள். அந்த நேரத்தில் கணவன் வாயே திறக்கவில்லை. சில நாள் அவனைப் பட்டினியாக விட்டு வந்தாள். சில நாள் பஸ்ஸை விட்டாள். மூன்றாம் வாரம் செக்ஷன் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்கதான மாத்தி வெச்சீங்க? மறுபடி வெக்க முடியாதா?"

"என் கையில இல்லம்மா."

"அன்னிக்கி உங்க கையிலதான இருந்திச்சி?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள். ஏரிக்கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டினார். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் கழற்றிவிட்டார். பதினைந்து நாள் யாரும் ஏறாததால், நிறுத்தத்தை நீக்கலாமா என்று திரை கேட்டது. அவர் பதில் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை அதுவாகவே நீக்கிக்கொண்டது.

அன்று மாதனூர் ரூட் டிரைவர் ஜோசுவா வந்து, "அண்ணே, பத்து நிமிஷம் மிச்சம், டீ குடிக்கலாம் வாங்க" என்றான்.

"நீ போப்பா" என்றார் பஞ்சாட்சரம்.