முருகனுக்கு நேர்ந்துவிட்ட என் தலை

முப்பத்தாறு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு என் தலைதான் காரணம் என்று அம்மா எங்கள் பேட்டையான ஃபேரர் பார்க் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். தலைக்குள்ளே இருந்ததைக் குறை சொல்லவில்லை, மேலே இல்லாததைத்தான் சொன்னாள். இரண்டு பெண் வீடுகளில் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "தம்பி தங்கமானவருதான், ஆனா வயசு கூட தெரியுது லா."

மானம் போனது போதும் என்று தோல் மருத்துவரிடம் போனேன். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளருமாம், கொஞ்ச நாள் சும்மா கிடக்குமாம், பிறகு அடியில் முளைக்கும் புது முடிக்கு இடம் விட்டு உதிருமாம். என் தலையில் புதிதாக முளைப்பது ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே வருகிறதாம். தினமும் தடவ ஒரு திரவம் கொடுத்தார். முதலில் இன்னும் அதிகமாகக் கொட்டும், பயப்படாதீர்கள் என்றார். நிறுத்தினால் வளர்ந்ததெல்லாம் போய்விடும் என்றும் சொன்னார்.

அம்மாவுக்குக் கெமிக்கல் என்றாலே ஆகாது. தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்கி எண்ணெய் காய்ச்சித் தருபவள். அதனால் பாட்டிலைச் சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சொன்னபடியே கொட்டியது. குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்து அம்மா அலறினாள்.

"ஐயோ முருகா, பூனைக்குட்டி செத்துக் கிடக்கிற மாதிரி கிடக்குதே!"

சில மாதத்தில் முடி நிஜமாகவே வளர்ந்தது. நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அம்மா என்னைப் படம் எடுத்து தெம்பனிஸில் ஒரு பெண் வீட்டுக்கு அனுப்பினாள். வரச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"முருகன் கைவிடல. பொண்ணு பார்க்கப் போறதுக்குள்ள மொட்டை போட்டுடணும்."

"எதுக்கும்மா?"

"முடி கொட்டுறது நின்னு நல்லா வளரணும்னு வேண்டிக்கிட்டேன்ல."

"வளர்ந்த முடியையே கொடுக்கணுமா?"

"பின்ன, வளராத முடியையா கொடுக்க முடியும்?"

கல்யாணத்துக்குப் பிறகு போடுகிறேன் என்று கெஞ்சினேன். "காரியம் முடிஞ்சப்புறம் சாமிய பார்த்துக்கலாம்னு சொல்றியா?" என்றாள். மருந்தைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. கோயிலில் மழித்தவர், "நல்ல அடர்த்தி சார்," என்று பாராட்டிக்கொண்டே மழித்தார்.

சந்தனம் பூசிய மொட்டையோடு தெம்பனிஸ் போய் இறங்கினேன். கதவைத் திறந்த பெண்ணின் அப்பா என்னையும் கைப்பேசியில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா வேண்டுதல் கதையைப் பெருமையாகச் சொல்லி முடித்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"நல்லதா போச்சு. போட்டோல இருந்தது விக்குன்னு நெனச்சோம்."

பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்து, "திரும்ப வளருமா?" என்று கேட்டாள்.

"முருகன் பார்த்துப்பான் மா," என்றாள் அம்மா.

இந்தப் பெண்ணிடமும் மறைத்து ஆரம்பிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"வளரும். ஆனா தினமும் ஒரு மருந்து போடணும். விட்டா கொட்டிடும். போன தடவையும் அதாலதான் வளர்ந்துச்சு."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தார்கள். இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

ரயிலில் அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இந்த இடம் அமையணும்னு இப்ப வேண்டிக்கிட்டேன்," என்றாள்.

"மறுபடியுமா? என் தலையில இன்னும் என்னம்மா இருக்கு?"

"உன் தலைய யாரு கேட்டா? இந்தத் தடவை என்னோடது."

அறுபத்தைந்து வயதிலும் ஒரு கைக்குள் அடங்காத கொண்டை அவளுக்கு. அதற்கு ஒரு நாளும் எந்த மருந்தும் தேவைப்பட்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலோரம் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே உலர்த்துவாள். வேண்டாம்மா என்றேன். வேண்டியாச்சு என்றாள்.

மறுவாரம் பெண் வீட்டிலிருந்து சம்மதம் என்று செய்தி வந்தது. அம்மா கைதட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.