பிரேக் மாஸ்டரின் கட்டைவிரல்

காரில் ஏறியதும் பிரேக் மாஸ்டர் வலது செருப்பைக் கழற்றுவார். கட்டைவிரல் வீங்கிச் சிவந்த காலைக் கைக்குழந்தையைப் போல் தூக்கி, தன் பக்கத்து பிரேக்கின் மேல் வைப்பார். "மெதுவா... மெதுவா..." இது வண்டி பழக வந்தவருக்கு அல்ல, விரலுக்கு.

ஓட்டுநர் பள்ளிக் காரில் இரண்டு பிரேக் உண்டு: பழகுபவருக்கு ஒன்று, பழக்குபவருக்கு ஒன்று. அடுத்தவர் பிரேக் பிடிப்பார் என்று மாஸ்டர் ஒருநாளும் நம்பியதில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் அவர் கால் எதையோ மிதித்துக்கொண்டிருக்கிறது என்பது மனைவியின் புகார்.

போர்வை உரசினாலே உயிர் போகிறது என்று ஆயுர்வேத வைத்தியரிடம் போனார். அந்த அம்மாள் விரலைத் தொடாமலே, "வாதரக்தம்" என்றார். கெட்டுப்போன ரத்தம் வாயுவின் வழியை மறிக்கும். மறிபட்ட வாயு சீறி, ரத்தத்தை இன்னும் கெடுக்கும். இரண்டும் முதலில் காலின் சிறு மூட்டில் போய் உட்காரும்.

மாஸ்டருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அட, டிராஃபிக் ஜாம்! ரத்தம் நடுரோட்ல வண்டிய நிறுத்திடுச்சு. வாயு பின்னாடி நின்னு ஹாரன் அடிக்குது. அப்படித்தானே டாக்டரம்மா?" இந்த விளக்கம் வைத்தியருக்கே பிடித்துப்போய், இப்போது மற்ற நோயாளிகளுக்கும் இதையே சொல்கிறாராம்.

சீந்தில்கொடிக் கஷாயத்துக்குச் சம்மதித்தார். உப்பு, புளிப்பு, காரம், மது எதுவும் கூடாது என்றதற்கும் தலையாட்டினார். வகுப்புகளுக்கு நடுவே காரிலேயே போடும் பகல் தூக்கத்தை விடச் சொன்னபோது முகம் தொங்கிப்போனது. "கோபமும் ஆகாது" என்றதும் நிமிர்ந்துவிட்டார்.

"கோபப்படாம எப்படிங்க வண்டி சொல்லிக் குடுக்கிறது?"

"ஒரு மாசம் சொல்லிக் குடுக்காதீங்க. அந்தக் காலால எதையும் மிதிக்காதீங்க. நோய் மூட்டுக்கு உள்ள எறங்கிடுச்சுன்னா அப்புறம் பிரேக்கே மிதிக்க முடியாது."

மாஸ்டர் உண்மையிலேயே பயந்துபோனார். அந்தக் கால் போனால் பள்ளியும் போயிற்று; வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. வாராவாரம் வைத்தியரிடம் போக வேண்டுமே, கார் ஓட்ட ஆள்? மனைவியிடம் லைசென்ஸ் இருக்கிறது. எதிர்த்தெருப் பள்ளியில் பழகி வாங்கியது. கல்யாணமான புதிதில் மாஸ்டர் நடத்திய முதல் பாடத்திலேயே, நாற்சந்தியில் காரை நிறுத்தி, "நீங்களே கத்திக்கிட்டு நீங்களே ஓட்டிக்கோங்க" என்று இறங்கி நடந்துவிட்டவர். அதன்பிறகு மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

இப்போது அவர்தான் ஓட்டுகிறார். மாஸ்டர் தன் வழக்கமான இடத்தில்.

"கிளட்ச்ச..." என்று ஆரம்பிப்பார் மாஸ்டர்.

"வாதரக்தம்" என்பார் மனைவி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். மாஸ்டர் வாயை மூடிக்கொள்வார். காது மட்டும் சிவக்கும்.

போன வாரம் வளைவில் ஒரு லாரி எதிரே வந்துவிட்டது. மாஸ்டரின் கால் தானாகப் பாய்ந்தது.

"நான் இருக்கேன்ல" என்றார் மனைவி.

பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே கால் அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மெல்ல மேலே இழுத்தார். சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, லாரி தாண்டும்வரை கண்களை இறுக மூடிக்கொண்டார்.