மணப்பாட்டு விளக்கு அணைவதில்லை

என் வீட்டுக்காரர் பல வருடம் தோணியில் வேலை பார்த்தவர். தூத்துக்குடியிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும் மரக்கப்பலைத்தான் எங்கள் ஊரில் தோணி என்போம். வடம் அறுந்து தோளில் அடித்த பிறகு அவர் கடலுக்குப் போவதில்லை.

போன வருடம் என் தங்கையின் புது வீடு மந்திரிப்புக்காக மணப்பாட்டுக்குப் போயிருந்தோம். பங்குச் சாமியார் வந்து ஜெபித்து, சாப்பாடும் முடிந்தபின் என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கலங்கரை விளக்கத்தில் சாயங்காலம் ஆட்களை மேலே விடுகிறார்கள் என்று தங்கை சொன்னாள். கடலிலிருந்து அத்தனை தடவை பார்த்திருந்தும் அவர் அதற்குள் போனதே இல்லை. இரண்டு பேரும் கிளம்பினோம்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஜன்னல் குழிக்குள் கையை விட்டால் முழங்கை வரை சுவர்தான். கடைசியில் இரும்பு ஏணி. தோள் வலியோடு அவர் நின்று நின்று ஏறினார். விளக்கு அறையைச் சுற்றிலும் திரை போட்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் ஓட்டப்பிடாரத்துக்காரி. திரை எதற்கு என்று கேட்டேன். பகலில் வெயில் கண்ணாடி வழியாக உள்ளே குவிந்தால் பல்பு கருகிவிடும் என்றாள்.

பெரிய பல்பை எதிர்பார்த்துப் போனவளுக்கு ஏமாற்றம்தான். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைச் சுற்றி வரிவரியாக வெட்டிய தடித்த கண்ணாடி. மேலும் கீழும் சிதறிப் போகிற வெளிச்சத்தை அந்த வரிகள் மடக்கி, கடலைப் பார்த்து நேராக அனுப்புகின்றனவாம். கண்ணாடிக் கூடு சுற்றுமே தவிர, விளக்கு விடியும்வரை எரிந்துகொண்டே இருக்கும் என்றாள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அணைஞ்சு அணைஞ்சு எரியித வெளக்குலா இது. நான் கடல்ல கெடந்து பாத்தவன்."

"கண்ணாடி உங்க பக்கம் திரும்பும்போது வெளிச்சம் தெரியும் அண்ணாச்சி. விலகிட்டா இருட்டு. இருந்து பாத்துட்டுப் போங்க" என்றாள் அவள்.

பொழுது சாய்ந்ததும் திரையை விலக்கி விளக்கைப் போட்டாள். கூடு சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கியது. அவர் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்தார். பல்பு ஒரே சீராக எரிந்தது.

கீழே இறங்கி மணலில் உட்கார்ந்தோம். ஒருமுறை இஞ்சின் நின்றுபோய் இந்தக் கரைக்கு நேரே மழையில் கிடந்ததைச் சொன்னார். அதுவரை என்னிடம் சொன்னதில்லை. வெளிச்சம் மறையும்போதெல்லாம் அது திரும்ப வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தாராம்.

"வெளக்கு அவிஞ்சிட்டுன்னே நெனைப்பேன். அந்நேரம் அது வேற எவனுக்கோ எரிஞ்சிருக்கு" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தங்கை வீட்டுக்கு வந்ததும் டார்ச்சைத் தரையில் நிறுத்தி, கையால் மறைத்து மறைத்து அவள் புருஷனுக்கு விளக்கினார். அவரும் மீன்பிடிக்கப் போகிறவர்தான். சிரித்துக்கொண்டே, நம்ப முடியாது என்றார். மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் அவரையும் கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதனால் ஊருக்குத் திரும்ப எங்களுக்கு இன்னொரு நாள் ஆனது.