இரண்டு பஞ்சமம்

கல்யாணமான புதிதில் விழுப்புரம் ரயில்வே காலனியில் இருந்தோம். என் கணவர் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய டிரைவர் மாற்றலாகிப் போகும்போது தன் பழைய கிட்டாரை எங்களுக்குக் கொடுத்தார். தந்திகளைத் தளர்த்தியிருந்தார். எந்தத் தந்தியை எந்தச் சுருதிக்கு முறுக்குவது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

திண்டிவனத்தில் மாதா கோயில் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தவள் நான். அந்தத் தைரியத்தில் ஆறு தந்திகளையும் ச ப ச க ப ச என்று சேர்த்தேன். விரலே வைக்காமல் தடவினால்கூட நிறைந்து ஒலித்தது. ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஐந்தாம் கட்டத்தில் அழுத்தினால் மத்திமத்துக்குப் போகும், ஏழாவதில் பஞ்சமம். பாதிப் பாட்டுகளுக்கு அதுவே போதும்.

ஆனால் என் தங்கை தன் கல்யாணத்துக்குக் கேட்ட பாட்டில் ஓரடி சோகமாகத் திரும்பும். எங்கே அழுத்தினாலும் எனக்குச் சிரிக்கிற சத்தம்தான் வந்தது.

“இன்னா, உலை கூட வைக்காம இத்தையே நோண்டிக்கினு கீற?” என்று டூட்டி முடித்து வந்தவர் கேட்டார்.

“இங்க பஞ்சமத்தைத் தைவதமா ஏத்தணுங்க. அது ரெண்டு தந்தியில கீது. ஒண்ண ஏத்தினா இன்னொண்ணு இடிக்குது.”

“ரெண்டையும் ஏத்தேன்.”

“நடுத் தந்திங்க மேல வெரல் பட்டு அடங்கிப் போவுது.”

“தள்ளு. ஒண்ண நான் புடிக்கிறேன்.”

இரண்டாம் கட்டத்தில் ஆளுக்கொரு தந்தியை அழுத்தினோம். நான் மீட்டினேன். வீடே அழுதது. நாங்கள் குதிக்காத குறை. ஒரே கையால் அதைப் பிடிக்க எனக்கு ஒரு மாதமானது.

கல்யாணத்தன்று திண்டிவனத்துக்கு அந்த டிரைவரும் வந்திருந்தார். கோயிலில் தன் கிட்டாரைப் பார்த்ததும் எடுத்து மீட்டி, முகம் சுளித்தார். நான் பூ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் முறுக்கி முடித்துவிட்டார்.

“எல்லாம் தப்பா இருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன்” என்றார் சந்தோஷமாக.

வெளியே தங்கையின் ஜட்கா வந்து நின்றுவிட்டது. யுத்த காலம், தந்தி அறுந்தால் வேறு கிடைக்காது. ஆர்மோனியத்தில் காதை வைத்துக்கொண்டு மெதுவாக என் பழைய சுருதிக்கே திருப்பினேன். என் கணவர் வாசலுக்கு ஓடினார்.

“கொஞ்சம் பொறும்மா, அக்கா தந்தி முறுக்கிக்கினு கீது.”

“எனக்கு அவசரமில்ல மாமா. மாப்பிள்ளையக் கேளுங்க” என்றாள் அவள்.

ஒரு தந்தியும் அறுந்துபோகவில்லை. அந்தச் சோக அடி வந்தபோது விரல்கள் தாமாகவே போய் உட்கார்ந்தன. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பந்தலில் டிரைவர் கிட்டாரை வாங்கி, தனக்குப் பழகிய இடங்களில் விரல் வைத்து மீட்டினார். கதவு கிறீச்சிட்டதுபோல் வந்தது.

“இது எந்த ஊர் டியூனிங்மா?”

நான் வாய் திறப்பதற்குள், “திண்டிவனம், சார்” என்றார் என் கணவர்.