இடது காலுக்கு வேலை இல்லை

பழைய காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாட்டுவதில் முதல் வேலை, "வேண்டாம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது. அவர் கேட்கப்போவதில்லை என்று உறுதியான பிறகுதான் ஸ்பானரையே கையில் எடுப்பார்கள். செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கும் ஒர்க் ஷாப்பில் கவுண்டரில் உட்காருவது நான். படித்தது கணிதம், பேசுவதென்றால் கூச்சம். வண்டியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "எப்பங்க ரெடியாகும்?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவரா நீங்கள்? அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள் நான். நாம் ஒரே கட்சி.

இல்லாத கிளட்ச்

கருங்குழி ஏழுமலை அண்ணன் வந்த அன்று, அவருடைய மஞ்சள் போர்டு காரை அவர் மச்சான் ஓட்டிவந்தார். பக்கத்து சீட்டில் இருந்த அண்ணன் இறங்கக் கதவைத் திறந்துவிட்டார். மச்சானோ வண்டியை இன்னும் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தினார். கியர் மாறும்போதெல்லாம் அண்ணனின் இடது கால் வெறும் தரையை மிதித்தது. மிதித்த கையோடு முகம் சுளித்தது.

இடது முட்டியில் ஆபரேஷன். கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் செங்கல்பட்டிலிருந்து நான்கு பெண்களை சிறுசேரி ஆபீஸுக்குக் கூட்டிப்போவதுதான் அண்ணனின் பிழைப்பு. அவர்கள் தற்சமயம் வேறொரு வண்டியில் போகிறார்கள். இவர் சீக்கிரம் திரும்பாவிட்டால் தற்சமயம் என்பது நிரந்தரமாகிவிடும். எங்கள் முதலாளியும் மெக்கானிக்குமான கஜா அண்ணன் வழக்கம்போல, "இத வித்துட்டு ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு வாங்கிடுண்ணா" என்றார். பதில் ஏழுமலை அண்ணனிடமிருந்து வரவில்லை, கூட வந்திருந்த அவர் மனைவி செல்வி அக்காவிடமிருந்து வந்தது: "இப்பத்தான் ஒரு லோன் முடிஞ்சு மூச்சு வுட்டுகினு கீறோம். இன்னொரு லோன் வாங்கறதுக்கு பதிலு, அவரு காலையே கழட்டி வேற மாட்டிடலாம்!"

போன் பேசும் பாவம்

கியர்பாக்ஸை மட்டும் வாங்கினால் போதாது. அதோடு பேசும் கம்ப்யூட்டர், ஒயரிங், சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட், பெடல் எல்லாம் வேண்டும். சுருக்கமாக, அதே மாடலில் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று முழுசாகக் கிடைக்க வேண்டும். கஜா அண்ணன் இதற்கெல்லாம் கடற்கரைப் பக்கம்தான் தேடுவார். மாமல்லபுரத்தை ஒட்டிய ஓய்வு வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் கார்கள் நிறைய. உப்புக்காற்றில் பாடி அரித்துப்போயிருக்கும். கியர்பாக்ஸ் உழைத்தே இருக்காது.

வீட்டுக்காரர்களுக்கு போன் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. "வணக்கம் சார்" என்பதை நாலுமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்துவேன். ஒரு பெரியவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அதே பொறுமையோடு சொன்னார்: "உயிரோட இருக்கிறவனுக்கு போன் பண்ணி கிட்னி கேக்குற மாதிரி கேக்குறியேம்மா, வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

அடைகாத்த கார்

கடைசியில் ஒருவர் சம்மதித்தார். போய்ப் பார்த்தோம். சவுக்குத் தோப்புக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் கார், காரின் பின்சீட்டில் கோழி. வாட்ச்மேன் வளர்ப்பது. கஜா அண்ணன் வேறு பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்தார். இரண்டு இருமல் இருமி இஞ்சின் எடுத்தது. டிரைவில் போட்டால் முன்னால் போனது, ரிவர்ஸில் போட்டால் பின்னால் வந்தது. கோழி எங்களை முறைத்ததே தவிர எழுந்திருக்கவில்லை. "கோழியே ஆடல, கியர்பாக்ஸ் சூப்பரா கீது" என்று கஜா அண்ணன் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

கார்க்காரர் சரி என்றாலும் வாட்ச்மேன் விடவில்லை. இடம் மாற்றினால் கோழி முட்டைகளை விட்டு எழுந்துவிடுமாம். குஞ்சு பொரிக்க இன்னும் இரண்டு வாரம். கஜா அண்ணன் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில் ஏழுமலை அண்ணனுக்கு போன் போட்டு நிலவரத்தைச் சொல்லும் பொறுப்பு என்னிடமே வந்தது. திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அவரோ டாக்டரைத் துணைக்கு அழைத்தார்: "டாக்டரும் அத்தினி நாளு அசையாம குந்துன்னுதான் சொல்லிகிறாரு. அது அங்க குந்தட்டும், நான் இங்க குந்திகிறேன்."

செல்வி அக்காவின் சோதனை

குஞ்சுகள் இறங்கியதும் கார் எங்கள் ஷெட்டுக்கு இழுத்துவரப்பட்டது. அதைப் பிரிக்கும் முன் செல்வி அக்கா தனியாக வந்தார். "இந்த வண்டில யாராச்சும் செத்துகிறாங்களா?" என்று மெல்லக் கேட்டார். ஆக்சிடென்ட் ஆன வண்டி இல்லை என்று நான் சொன்னது போதவில்லை. கதவு கதவாகத் திறந்தார், மிதியடியைப் புரட்டினார், சீட்டுக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அதை என் மேசையில் வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "கோழி ரெக்கதான் கீது. மாட்டச் சொல்லு."

பிரேக் பிடித்த கால்

மாட்டினார்கள். ஆர்.டி.ஓ. அனுமதிக்கு அலைந்தது தனி அவஸ்தை. அதை வாசிக்கும் அளவுக்கு நீங்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. முதல் ஓட்டத்துக்கு ஏழுமலை அண்ணன் உட்கார்ந்தார். பக்கத்தில் கஜா அண்ணன், பின்னால் செல்வி அக்காவும் நானும். பத்தடி நகர்ந்ததும் வண்டி குலுங்கி நின்றது. மறுபடி நகர்ந்தது, மறுபடி நின்றது. கியர்பாக்ஸ் காலி என்று கஜா அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். ஏழுமலை அண்ணனின் முகம் வெளுத்துப்போனது. காத்திருந்ததெல்லாம் வீணா?

நான் சீட்டுகளுக்கு நடுவே குனிந்து பார்த்தேன். வேகம் கூடும்போதெல்லாம் அவரது இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப்போய், அகலமான பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. கூச்சத்தை விழுங்கிவிட்டுச் சொன்னேன். ஏழுமலை அண்ணன் நம்பவில்லை; மீண்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். அவ்வளவுதான், செல்வி அக்கா கஜா அண்ணனை இறக்கிவிட்டு முன்னால் ஏறி, கணவரின் இடது தொடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அண்ணன் எங்களைப் பார்த்து நெளிந்தார். அக்கா விடவில்லை: "யாரு பாத்தா இன்னா? இத நான் புட்சிக்கிறேன், நீ ரோட்டப் பாத்து ஓட்டு!"

சிறுசேரி

ஒரு வாரம் இப்படியே பயிற்சி. அடுத்த திங்கட்கிழமை நான்கு பெண்களும் அவர் வண்டிக்குத் திரும்பினார்கள். அன்று முற்பகல் அவர் தனியாக ஓட்டிக்கொண்டு நேரே எங்கள் ஷெட்டுக்கு வந்தார். கோளாறோ என்று கஜா அண்ணன் கையில் ஸ்பானரோடே ஓடினார். ஏழுமலை அண்ணன் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, பெரிய புகார் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்: "நாலும் திருப்போரூர் தாண்டறதுக்குள்ள தூங்கிப்பூட்ச்சுங்க. ஆபீஸ் கேட்டாண்ட ஆரன் அட்ச்சி எழுப்ப வேண்டியதாப்போச்சு!"

கியர்பாக்ஸ் மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் இப்போதெல்லாம் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன், கோழியையும் இடது காலையும் மட்டும் அதில் சேர்ப்பதில்லை.